இரண்டு விரல் தாராளம்

டெய்லரம்மாவுக்குக் கவலைப்படுவது ஓர் உபதொழில். முதல் தொழிலில் நாலு காசு வந்தது. இரண்டாவதில் தூக்கம் போனதுதான் மிச்சம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தீம் பார்க் போவது என்று முடிவானதிலிருந்து இந்த உபதொழில் அமோகமாக நடந்தது. போகிற வழியில் சின்னவன் பஸ்ஸில் வாந்தி எடுத்தால்? தண்ணீரில் ஊறிவிட்டுப் பிள்ளைகள் இரண்டும் இருமிக்கொண்டு வந்தால்? கூட்டத்தில் ஒன்று கையை உதறிக்கொண்டு பலூன்காரன் பின்னால் போய்விட்டால்? இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் உடனே தையல் மெஷினில் உட்கார்ந்து விடுவாள். மிதித்துக்கொண்டே கவலைப்பட்டால் பாதி குறையும் என்பது அவள் அனுபவம்.

அப்படி மிதித்ததில் பிள்ளைகளுக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு சட்டைகள் தயாராகிவிட்டன. காலருக்கு உள்பக்கம் அப்பாவின் போன் நம்பரைக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். தைத்து முடித்தபின், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியதால், தன் நம்பரையும் கீழே தைத்தாள். இரண்டு போனுமே தண்ணீரில் விழுந்துவிட்டால் என்றும் ஒரு யோசனை வந்தது. காலரில் அதற்கு மேல் இடமில்லை.

அவள் கணவன் இதற்கெல்லாம் நேர் எதிர். பேக்கரியில் அடுப்படி வேலை. ஊர் தூங்கும்போது ரொட்டி சுட்டுவிட்டு, ஊர் எழும்போது வந்து படுப்பவன். மாவு வாசனையோடு கட்டிலில் விழுந்தவனிடம் அவள் கேட்பாள்.

"என்னங்க, அங்க பாத்ரூம் எங்கெங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

"போனா தெரியப் போகுது."

"மழை வந்துட்டா?"

"நனைவோம்."

"சின்னவன் தொலைஞ்சுட்டா?"

"அவன் தொலைய மாட்டான். சாப்பாடு எங்க இருக்கோ அங்க நிப்பான்."

சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிடும். இந்த மனுஷனுக்கு ரொட்டி கருகினால் தவிர வேறெதற்கும் பதற்றம் வராது என்று அவள் முணுமுணுத்துக்கொண்டு திரைச்சீலையை இழுத்து விடுவாள்.

பிள்ளைகள் இரண்டும் அவனுடைய முதல் மனைவியின் பிள்ளைகள். டெய்லரம்மா அந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. சின்னவனுக்குப் பன்னு என்று பெயர் வைத்திருந்தார்கள், அப்பா தொழிலையும் அவன் கன்னத்தையும் உத்தேசித்து. அவனுக்கு யார் சோறு ஊட்டினாலும் அம்மாதான். வந்த மறுநாளே அவள் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பெரியவள் அப்படியில்லை. அவளுக்கு வீட்டில் வக்கீலம்மா என்று பெயர். எதைச் சொன்னாலும் ஒரு நொடி முகத்தையே பார்ப்பாள். பிறகு கேட்பாள்: "நிஜமாவா?"

அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது, வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். அப்பாவும் அதையேதான் சொன்னான். பிள்ளை நம்பி, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தது. கடைசியில் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பெண்தான் போட்டு உடைத்தாள். அதிலிருந்து, மணி என்ன என்று கேட்டுப் பதில் சொன்னாலும் வக்கீலம்மா ஒரு முறை விசாரிக்காமல் விடுவதில்லை.

டெய்லரம்மாவிடம் மட்டும் அவள் கேட்பதில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. டெய்லரம்மா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். கல்யாணப் பேச்செல்லாம் எழுவதற்கு முன்னால் ஒரு நாள், அப்பாவோடு இந்தப் பெண் யூனிஃபார்ம் வாங்க வந்தாள். போட்டுப் பார்த்தால் பாவாடை முழங்காலைத் தாண்டித் தொங்கியது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இது நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்கு வந்த மற்ற அம்மாக்கள் எல்லாம் ராணி மாதிரி இருக்கிறாய் என்று ஆரம்பித்தார்கள்.

"நல்லா இல்ல," என்றாள் டெய்லரம்மா, வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு. "இந்த வருஷம் தொளதொளன்னுதான் இருக்கும். நீ வளர்ற பிள்ளை, அதனால ரெண்டு விரல் தாராளமா விட்டிருக்கேன். அடுத்த வருஷம் அழகா இருக்கும்."

பெண் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நிஜமாவா என்று கேட்கவில்லை. அந்த ஒரு பதிலுக்காகத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன் என்று கணவன் இப்போதும் கேலி செய்வான். கேலியில் பாதி உண்மை.

மற்றபடி பெண் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. கடைக்கு வருகிறவர்கள் மாதிரியே டெய்லரம்மா என்பாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அம்மா என்று கூப்பிட ஆயிரம் பேருக்கு வாய் வரும். தன் பேச்சை விசாரிக்காமல் எடுத்துக்கொள்ள இந்தப் பிள்ளைக்கு உலகத்தில் ஓர் ஆள்தான் இருந்தது. அது கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்பதுதான் அவளுடைய கவலைகளுக்கெல்லாம் அடியில் கிடந்த பெரிய கவலை.

பார்க் விஷயம் எழுந்தவுடனேயே வக்கீலம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டிராகன் ரயில்ல என்னை ஏத்துவாங்களா?"

டிராகன் ரயில் என்பது மலை மாதிரி ஏறிச் சடாரென்று இறங்கும் வண்டி. குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று பார்க்கின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. பக்கத்துப் பெஞ்சுப் பெண், அதுதான் அன்றைக்குப் போட்டு உடைத்தவள், போன விடுமுறையில் போய் உயரம் போதாமல் திரும்பி வந்திருந்தாள். வக்கீலம்மாவுக்கு அதில் ஒரு வழக்கு இருந்தது.

"வா, அளந்து பாத்துடுவோம்," என்று டெய்லரம்மா அவளை வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் சுவரோடு நிறுத்தினாள். குதிகாலில் டேப்பை மிதிக்கச் சொல்லி உச்சந்தலை வரை இழுத்தாள். கையோடு கையாகக் கால் நீளத்தையும் எடுத்தாள், ஒரு புது பேண்ட் தைத்துவிடலாமே என்று. அளவை வாய்விட்டுச் சொன்னாள். பார்க்கில் கேட்ட உயரத்தை மயிரிழையில் தாண்டியது.

"ஏத்துவாங்க."

பெண் வாயைத் திறந்தாள். 'நி' என்ற எழுத்து உதட்டில் வந்து நின்றதை டெய்லரம்மா கண்ணால் பார்த்தாள். பிறகு வாய் மூடிக்கொண்டது. மறுநாளே வகுப்பு முழுவதற்கும் செய்தி போய்விட்டது. எங்கள் டெய்லரம்மா அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வினை வந்தது.

பேண்டை முடித்துப் பெண்ணைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். வண்டியில் ஏறி இறங்கும்போது காலில் சிக்கிவிடக் கூடாது என்று, இதற்கு மட்டும் வளர்ச்சிக்கென்று எதுவும் விடாமல், சொன்ன அளவுக்குக் கச்சிதமாக வெட்டியிருந்தாள். பெண் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பேண்ட் தரையைப் பெருக்கியது.

டெய்லரம்மா மண்டியிட்டு விளிம்பைப் பிடித்தாள். மிச்சம் சரியாக இரண்டு விரல். முதலில் கத்தரி மேல் சந்தேகப்பட்டாள். பிறகு துணி மேல். மூன்றாவதாகத்தான் தன் வாய் ஞாபகத்துக்கு வந்தது.

எத்தனையோ வருஷமாக எத்தனையோ பிள்ளைகளை அளந்த வாய் அது. டேப் ஒன்றைச் சொல்லும். வாய் அதோடு இரண்டு விரல் கூட்டி இன்னொன்றைச் சொல்லும். கூட்டுகிறோம் என்ற நினைப்பே கிடையாது. வளர்கிற பிள்ளை என்றால் வாய்க்கு அதுதான் அளவு. கால் நீளத்தில் கூட்டியிருந்தால் உயரத்தில் மட்டும் விட்டு வைத்திருக்குமா?

"கொஞ்சம் நேரா நில்லு," என்றாள். குதிகாலிலிருந்து உச்சி வரை டேப்பை இழுத்து, இந்த முறை வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் பார்த்தாள். குறைந்தது. இரண்டு விரல் குறைந்தது.

"தப்பா தச்சிட்டீங்களா?" என்றாள் பெண்.

"ஆமா. பேண்ட் நீளமா போச்சு. மடிச்சுத் தச்சிடறேன்."

"பரவால்ல. ரயில்ல உக்காந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது," என்று பெண் பெரிய மனுஷி போல அவளுக்கு ஆறுதல் சொன்னாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு புரளவில்லை. திங்கட்கிழமை வகுப்புக்குப் போய் அந்தப் பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிக்கும் இந்தப் பிள்ளை என்று நினைத்தாள். அதைவிட, தன் முகத்தை இனி எப்படிப் பார்க்கும் என்று நினைத்தாள். இரண்டாவது நினைப்புத்தான் பெரிதாக இருந்தது. அது அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலையில் கணவன் வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் காதும் காதும் வைத்தாற்போல விஷயத்தைச் சொன்னாள். அவன் ரொட்டித்தூள் ஒட்டிய புருவத்தைத் தேய்த்துக்கொண்டு கேட்டான்.

"ரெண்டு விரல்தானே? விட்டுடுவாங்க."

"விடலன்னா?"

"விடலன்னா ஐஸ்கிரீம் வாங்கிக் குடுப்போம். குழந்தைதானே, மறந்துடும்."

"உங்க பொண்ணு எதையாவது மறந்து பாத்திருக்கீங்களா?"

அவன் போய்ப் படுத்துக்கொண்டான். அன்றைக்கு மட்டும் குறட்டை வர நேரமானது.

மத்தியானம் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது, டெய்லரம்மா பெண்ணின் ஷூவை எடுத்துப் பார்த்தாள். வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிய ஷூ. அதையும் அவள்தான் வாங்கினாள். அடிப்பாகமே ஒரு விரல் உயரம் இருந்தது. உள்ளே இடமும் இருந்தது. காலருக்கு வைக்கிற கெட்டி கேன்வாஸை எடுத்தாள். பாத வடிவத்தில் வெட்டினாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மெத்தென்ற துணி வைத்து, சுற்றிலும் தையல் போட்டாள். அழகான வேலை. இவ்வளவு சுத்தமாக ஒரு திருட்டுத்தனத்தை யாரும் தைத்திருக்க மாட்டார்கள். நான் பக்கத்திலேயே உட்காரப் போகிறேன், கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன், என்ன ஆகிவிடும் என்று தையலுக்குத் தையல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வக்கீலம்மா வந்து காலை நுழைத்துப் பார்த்தாள். "உள்ள என்னமோ இருக்கே."

"மெத்தை வெச்சேன். நாளைக்கு நிறைய நடக்கணும், கால் வலிக்கக் கூடாதுல்ல."

பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். கேட்டுவிடு, ஒரே ஒரு தடவை கேட்டுவிடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று டெய்லரம்மாவின் உள்ளே ஏதோ கெஞ்சியது. பெண் கேட்கவில்லை. குதித்துப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு ஓடினாள். அடி வாங்கினாற்போல இருந்தது டெய்லரம்மாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மழை வரும் என்று நம்பினாள். அதுவரை மழை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள் இப்போது வந்துவிடக் கூடாதா என்று ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். வானம் துடைத்துவிட்டாற்போலக் கிடந்தது. பஸ்ஸில் பன்னு வாந்தி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதைச் சாக்காக வைத்துத் திரும்பியிருக்கலாம். டிக்கெட் வரிசைகூட மளமளவென்று நகர்ந்தது. அவள் கவலைப்பட்ட எதுவும் நடக்கவில்லை. எல்லாம் சேர்ந்து அவளை அந்த ரயிலை நோக்கித் தள்ளிக்கொண்டு போவது போலிருந்தது.

பன்னுவைக் குட்டிப் பிள்ளைகளின் ராட்டினத்துக்கு அப்பா தூக்கிக்கொண்டு போனான். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க," என்றான், மனைவியின் கண்ணைப் பார்க்காமல்.

டிராகன் ரயிலின் வாசலில் மரத்தால் செய்த ஒரு சிப்பாய் நின்றான். மீசையும் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டு ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கை தலையில் முட்டினால் உள்ளே போகலாம். முட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எதிரே மஞ்சள் பனியன் போட்ட ஊழியன் ஒருவன் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தான். முன்னால் ஒரு பையனைத் திருப்பி அனுப்பினான். பையன் தரையில் உருண்டு அழுதான். டெய்லரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வக்கீலம்மா போய் நின்றாள். முதுகை நிமிர்த்தி, மோவாயை உள்ளே இழுத்து, அளவுக்கு எப்படி நிற்க வேண்டும் என்று டெய்லரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்றாள். சிப்பாயின் கை அவள் உச்சிமுடியைத் தொட்டது.

"போகலாம்," என்று ஊழியன் ஊதலை அசைத்தான்.

பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டெய்லரம்மா அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்ததில்லை. பல் விழுந்த இடம்கூடத் தெரிந்தது. நீங்கள் சொன்னீர்கள், நடந்துவிட்டது என்கிற சிரிப்பு. அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு அருகதை இல்லை. வாங்கிக்கொண்டாள்.

ரயிலில் இருவர் இருவராக உட்காரும் இருக்கை. உட்கார்ந்ததும் தலைக்கு மேலிருந்து ஒரு கெட்டிக் கம்பி இருவர் மடிக்கும் பொதுவாக இறங்கியது. டெய்லரம்மாவின் வயிற்றில் வந்து முட்டி நின்றுவிட்டது. மெஷின் முன்னால் உட்கார்ந்தே வளர்ந்த வயிறு. ஊழியர்கள் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவளுடையது அசையவில்லை. சரி என்று கடந்து போனார்கள்.

அவள் கை தன்னால் பெண்ணின் பக்கம் போனது. இடுப்புப் பட்டி வைத்தால் உள்ளே விரல் விட்டுப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. இரண்டு விரல் போனால் சரியான பிடிப்பு. இங்கே இரண்டு விரல் போனது. உள்ளங்கை போனது. முஷ்டியை மடக்கி விட்டாள். முஷ்டியும் போனது. இன்னொரு முஷ்டிக்கும் இடம் இருந்தது. பெண்ணின் கால் கீழே மிதிப்பலகையைத் தொடாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

கையைப் பிடித்துக்கொள்வாளாம். எந்தக் கையை? இவ்வளவு தொளதொளப்பை எந்தக் கை பிடித்து நிறுத்தும்?

"நிறுத்துங்க," என்றாள். கையைத் தூக்கி ஆட்டினாள். "தம்பி, நிறுத்துங்க. நாங்க இறங்கணும்."

மஞ்சள் பனியன்காரன் ஓடி வந்தான். "என்னம்மா, மயக்கமா?"

"பிள்ளை உயரம் பத்தாது."

"பாத்துதான்மா விட்டேன். சரியா இருக்கு."

"சரியா இல்ல. கம்பியத் தூக்குங்க."

"இருக்கு," என்றாள் பெண். "அண்ணன்தான் சொல்றாங்கல்ல, இருக்கு. டெய்லரம்மா, நீங்களே அளந்தீங்க."

பின்னால் யாரோ நேரமாகிறது என்று முனகினார்கள். கம்பி மேலே போனது. டெய்லரம்மா பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, வந்த வழியே நடந்தாள். பெண் கையை உதறவில்லை, அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. பின்னால் ரயில் கடகடவென்று ஏறத் தொடங்கியது.

வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் பெண்ணை உட்கார வைத்து, கீழே மண்டியிட்டு, ஷூவைக் கழற்றி, உள்ளே கிடந்ததை உருவி எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"இது மெத்தை இல்ல. உன்ன உயரமாக் காட்ட வெச்சது. நான் அன்னைக்குத் தப்பா அளந்துட்டேன். யூனிஃபார்முக்கு அளக்கிற மாதிரி ரெண்டு விரல் கூட்டிச் சொல்லிட்டேன்."

பெண் அந்தக் கேன்வாஸ் அடுக்கைப் புரட்டிப் பார்த்தாள். தையலைக் கூட விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. நீ பேண்ட் போட்டப்போ."

"அப்ப மெத்தைன்னு சொன்னது?"

"பொய்."

வக்கீலம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். வாக்குமூலம் வாங்கி முடித்தவள் போல.

அப்பா பன்னுவைத் தோளில் வைத்துக்கொண்டு, கையில் ஐஸ்கிரீமோடு வந்து சேர்ந்தான். "என்ன வக்கீலம்மா, பயந்துட்டியா?"

"அவ பயப்படல," என்றாள் டெய்லரம்மா. "நான்தான் இறக்கிட்டேன். கம்பி நிக்கல அவளுக்கு."

"ரெண்டு விரல்தானேம்மா..."

"அந்த ரெண்டு விரல்லதாங்க பிள்ளை கீழ விழுந்திருக்கும்."

பெண் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கும் தெரியுமா?"

ஐஸ்கிரீம் அவன் மணிக்கட்டில் வழிந்து ஓடியது. ஜன்னலோரம் போட்ட நாற்காலி மூன்று பேருக்குமே ஞாபகம் வந்திருக்க வேண்டும். பன்னு ஒருவன்தான் குனிந்து அப்பாவின் கையை நக்கிக்கொண்டிருந்தான்.

பெண் எழுந்தாள். வெறுங்காலோடு மரச் சிப்பாயிடம் போனாள். மஞ்சள் பனியன்காரன் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றான். சிப்பாயின் கைக்குக் கீழே போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. எவ்வளவு குறையுது, சரியா சொல்லுங்க."

டெய்லரம்மா போய், அவள் தலைக்கும் மரக்கைக்கும் நடுவில் விரலை வைத்தாள். "ரெண்டு விரல்."

"உங்க விரலா, என் விரலா?"

"என் விரல்."

பெண் தன் கையை மேலே தூக்கித் தடவிப் பார்த்தாள். "என் விரல்ல மூணு," என்றாள். போய் ஷூவைப் போட்டுக்கொண்டாள். இப்போது அது பெரிதாக இருந்தது. நடக்கும்போது டப் டப் என்று குதிகாலில் அடித்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கு வறுவலும் சிவப்பாக ஒரு சாஸும் வந்தன. பெண் சாஸைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரம் இல்ல, சாப்பிடு," என்றாள் டெய்லரம்மா.

பெண் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

"நிஜமாவா?"

கணவன் சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். டெய்லரம்மா, நிஜமாத்தான் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கி வருவதாக எழுந்து போனாள். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் தாராளமாக விட்டுவிட்டு, இந்த ஒரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைத்துவிட்டோம் என்று அழுதாள். யாரோ ஒரு பாட்டிலை நீட்டிக்கொண்டு பின்னால் நின்றதால் விலகி வழிவிட்டாள்.

மற்ற விளையாட்டுகளில் எல்லாம் ஏறினார்கள். பன்னு இரண்டு முறை தொலைந்து இரண்டு முறையும் பாப்கார்ன் வண்டிக்குப் பக்கத்தில் கிடைத்தான். தண்ணீரில் நனைந்தார்கள், துவட்டிக்கொண்டார்கள். பெண் எல்லாவற்றிலும் சேர்ந்துகொண்டாள், ஒழுங்காக, மரியாதையாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'நிஜமாவா' வந்தது. இதுதான் வரிசையா, நிஜமாவா. பஸ் இங்கேதான் வருமா, நிஜமாவா. டெய்லரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் பன்னு அப்பாவின் மடியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். பெண் ஜன்னலோரம். டெய்லரம்மா பக்கத்தில். கேன்வாஸ் அடுக்கைப் பெண் கையிலேயே வைத்திருந்தாள், எங்கேயும் போடவில்லை. வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"அடுத்த வருஷம் எட்டிடுமா?"

எட்டிடும் என்ற வார்த்தை டெய்லரம்மாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உலகத்தில் உள்ள எந்தப் பெரியவரும் அதைத்தான் சொல்வார். வளர்கிற பிள்ளைதானே, இரண்டு விரல் கூட்டிச் சொன்னால் யாருக்கு நஷ்டம்? அவள் அதை விழுங்கினாள்.

"தெரியல. எட்டலாம். எட்டாமலும் போகலாம்."

பெண் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடி இல்லை, அதற்கும் மேலே. டெய்லரம்மா கண்ணை விலக்காமல், அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப வீட்டுலயே அளந்துட்டு வருவோம்," என்றாள் பெண். "வெறுங்காலோட."

"சரி."

"நீங்கதான் அளக்கணும். கூட்டாம."

"கூட்டாம அளக்கறேன்."

பெண் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிஜமாவா என்று கேட்கவில்லை.